பதினோரு கூப்பிடு தூரம்

ஒரு காட்டில் யாரும் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இருப்பதும் போய்விடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. புற்றில் கறையான் தீர்ந்துவிட்டால் 'கறையான் நிறைந்திருக்கிறது' என்பார்கள். ஊற்று வற்றினால் 'தண்ணீர் உள்ளே போயிருக்கிறது' என்பார்கள். அதிலும் வழி கேட்டு வந்தவரிடம் 'வழி இல்லை' என்பது பெரிய பாவம். தாகத்தோடு வந்தவனைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவதைவிடப் பெரிய பாவம்.

அந்தக் காட்டின் தெற்குச் சரிவில் வேலாத்தாள் என்ற அழுங்கு இருந்தாள். உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, நாக்கு மட்டும் முழ நீளம். அந்த நாக்கை எறும்பு தின்ன வைத்துக்கொண்டாளே தவிர, பேச அவ்வளவாக எடுப்பதில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் போதும், பந்தாகச் சுருண்டுவிடுவாள். ஆனால் கணக்கில் கெட்டி. வேறு காடாக இருந்தால் 'கணக்கில் புலி' என்றிருப்பார்கள். இந்தக் காட்டில் புலி என்ற பேச்சை விளையாட்டுக்குக்கூட எடுப்பதில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

வேலாத்தாளுக்கு ஒரே மகள், பூவாத்தாள். வைகாசி முதலில் கிழக்கு மலையிலிருந்து வந்து பெண் பார்த்தார்கள். வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள், கட்டெறும்பு முட்டை சாப்பிட்டார்கள், பெண்ணைச் சுருண்டு காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க" என்றார். போனவர்கள் போனவர்கள்தான்.

மாப்பிள்ளைப் பையன் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு கல்லில் இடித்துக்கூடக் கொண்டான். அதைப் பூவாத்தாளும் பார்த்தாள், வேலாத்தாளும் பார்த்தாள். ஆகவே பதில் நல்லபடியாகத்தான் இருக்கும் என்று இருவரும் நம்பினார்கள். ஆனால் பதிலைக் காணோம். ஆனி பாதி போய்விட்டது. ஆடி பிறந்தால் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. நடுவில் மேட்டுப்புற்றுக்காரர்கள் வேறு, தங்கள் பையனுக்குப் பூவாத்தாளைக் கொடுக்கச் சொல்லி ஆள்மேல் ஆள் விட்டார்கள். அந்தப் பையன் தூங்கும்போது விடுகிற குறட்டைக்குப் புற்று இடிந்து விழும்.

"நீங்களே ஒரு எட்டு மலைக்குப் போய்க் கேட்டுப்போட்டு வந்தா என்னுங்க்கா?" என்று பக்கத்து வளை முயல் தெய்வானை கேட்டாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க தேடிப் போய்க் கேக்கறதா? நாளைக்கு அவொ அந்த வீட்டுல தலை நிமிந்து இருக்க வேண்டாமா?" என்றாள் வேலாத்தாள். "சேதி அனுப்பியிருப்பாங்க தெய்வானை. வழியில எங்கியோ நின்னுபோச்சு. அதைச் சரி பண்ணோணும்."

தெய்வானை காதை மடக்கிக்கொண்டாள். "சரி பண்ணாதீங்க்கா. சில சேதி வராமெ இருக்கறதே நல்ல சேதி."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. மேற்குக் குகையில் ஒரு கிழட்டுப் புலி இருந்தது. முட்டி தேய்ந்துபோனதால் வேட்டைக்கு வருவதில்லை. முறை வைத்து ஒவ்வொருவராக வந்துவிட வேண்டும் என்று காட்டோடு ஒப்பந்தம். யார் முறை என்பதை நரி தணிகாசலம் தெரிவிப்பார். ஒருவர் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்தவருக்கு அழைப்பு. அழைப்புக் கிடைத்தும் ஒருவர் புறப்படாவிட்டால் புலியே எழுந்து வரும். வந்தால் வரிசை பார்க்காது. வைகாசி மழைக்குப் பிறகு அந்த அழைப்பும் யாருக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. எல்லாரும் கொஞ்சம் சதை போட்டிருந்தார்கள்.

வேலாத்தாளுக்கு மகள் நினைப்பிலே இது ஏறவில்லை. செய்தி வரும் வழியைப் பார்த்து நடந்தாள்.

அந்தக் காட்டில் செய்தி கொண்டுபோவது அணில்கள். தூரத்தைக் கூப்பிடு தூரத்தில் சொல்வார்கள். ஓர் இடத்தில் நின்று கூப்பிட்டால் எதுவரை கேட்குமோ அது ஒரு கூப்பிடு தூரம். கிழக்கு மலைக்கும் மேற்குக் குகைக்கும் தெற்குச் சரிவுக்கும் நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அந்தக் கரைக்கு வரும் அணில், தெற்கே போக மூன்று பேரிடம் தூரம் கேட்கும். யார் குறைவாகச் சொல்கிறாரோ அவர் காட்டும் வழியில் போகும்.

கீரி பொங்கியண்ணன் வழி, பள்ளத்தின் குறுக்கே விழுந்து கிடந்த மருத மரத்தின் மேல் போவது. ஆறு கூப்பிடு தூரம். மரநாய் மாரப்பன் வழி ஏழு. அது பக்கத்து மேட்டில் தொடங்கி, கீரி மேட்டுக்கு வந்து, அதே மருத மரத்தின் மேல்தான் போகும். முள்ளம்பன்றி நஞ்சப்பன் வழி பன்னிரண்டு. இண்டமுள் புதர் வழியாகப் பள்ளத்தையே சுற்றிக்கொண்டு போவது. "ஒன்று அடைபட்டாலும் நமக்கு இன்னும் இரண்டு வழி" என்று காட்டில் எல்லாருக்கும் பெருமை. மரம் ஒன்றுதான் என்பதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

வைகாசி மழையில் அந்த மரம் போய்விட்டது.

வேலாத்தாள் முள் வழியாகத்தான் போனாள். செதில் இருந்ததால் பாதகமில்லை. புதர் முடியும் இடத்தில் நஞ்சப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முள்ளெல்லாம் சிலிர்த்துப்போயிற்று.

"வாங்கம்மிணி, வாங்க! இந்த வழியில ஒரு ஆள் வந்து எத்தனை நாளாச்சுங்க!"

"ஏனுங்கண்ணா, அணிலெல்லாம் இப்படி வருதுங்களா?"

"பன்னெண்டுன்னு உள்ளதைச் சொன்னனுங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டேங்கறாங்க. ரெண்டு கொறைச்சுச் சொன்னாத்தான் என்னன்னு வீட்டுல தெனமும் சண்டை. எனக்கு அது வராதுங்க. உள்ளது உள்ளபடிதான் வாயில வருது. என்ன பண்றது, வளந்த விதம் அப்படி."

நஞ்சப்பன் பொய் சொன்னதை அந்தக் காட்டில் யாரும் கேட்டதில்லை. ஆகவே அவரை யாரும் விருந்துக்கும் கூப்பிட்டதில்லை.

வேலாத்தாள் கீரி மேட்டுக்குப் போய்ப் பார்த்தாள். கீரி மேட்டிலிருந்து மரநாய் மேட்டுக்கும், மரநாய் மேட்டிலிருந்து கீரி மேட்டுக்கும் வரிசையாக அணில்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் தடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. சில அணில்கள் ஓடிக்கொண்டே தூங்கின. கிழக்கு மலைக்குச் செய்தி கொண்டுபோகும் சின்னுசாமி என்ற அணிலும் அந்த வரிசையில் இருந்தான்.

"சின்னுசாமி! கெழக்கு மலைச் சேதி எனக்கு ஏதாச்சும் இருக்குதா?"

"இருக்குதுங்க," என்றான் சின்னுசாமி, ஓட்டத்தை நிறுத்தாமல்.

வேலாத்தாள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். கூடவே ஓடினாள். "என்ன சேதி? சொல்லு கண்ணு."

"சொல்லக் கூடாதுங்க. சேதியை அவங்கவங்க வளை வாசல்லதான் சொல்லோணும். அதுதான் சட்டம்."

"நாந்தான் இங்கியே இருக்கறனே!"

"நீங்க இருக்கறீங்க. உங்க வளை வாசல் இங்கெ நிறைஞ்சிருக்குதுங்களே."

அவனோடு வாதாடிப் பயன் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. சின்னுசாமிக்குப் பின்னால், கழுத்தில் மஞ்சளும் கறுப்புமாக நூல் கட்டிய அணில் ஒன்று ஓடியது. அது அவளைப் பார்த்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேலாத்தாள் அதைக் கவனித்தாள். ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் பொங்கியண்ணனிடம் போனாள். "ஏனுங்க, தெக்குச் சரிவுக்கு எவ்வளவு தூரமுங்க?"

"பதினொண்ணுங்க அம்மிணி."

"எப்படிப் போறது?"

"அதா, மாரப்பன் மாப்ளெ வழியா."

மரநாய் மேட்டுக்குப் போனாள். "தெக்குச் சரிவுக்கு எவ்வளவுங்க?"

"பதினொண்ணுதானுங்க்கா."

"எப்படிப் போறது?"

"நம்ம பொங்கியண்ண மாமா வழியா."

வேலாத்தாள் இரண்டு மேட்டுக்கும் நடுவில் நின்றாள். "மாப்ளெகிட்ட வழி இருக்குதுன்னு உங்களுக்கு ஆரு சொன்னது?" என்று கீரியைக் கேட்டாள்.

"மாப்ளெதானுங்க. மரம் போனதும், 'ஏனுங் மாப்ளெ, உங்ககிட்ட வழி இருக்குதா'ன்னேன். 'இருக்குதுங் மாமா, ஏழு'ன்னாரு. அங்கெ போக ஒண்ணு சேத்து நான் எட்டுன்னு சொன்னேன்."

"மாமன் எட்டுன்னாருங்களா, அதோட ஒண்ணு சேத்து நான் ஒம்பதாக்கிட்டேன்," என்றார் மாரப்பன்.

"ஒடனே நான் பத்து. அவுரு பதினொண்ணு. நானும் பதினொண்ணு."

"அதோட ஏன் நிறுத்திட்டீங்க?"

கீரியும் மரநாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பன்னெண்டுன்னா நஞ்சப்பனும் நாங்களும் ஒண்ணாயிருவமுங்களே," என்றார் பொங்கியண்ணன். "காலங்காலமா ஓடற வழி. அதுக்கொரு மரியாதை வேண்டாமுங்களா?"

"முதல்ல சொன்ன அந்த ஏழு எப்படி வந்ததுங்க மாரப்பண்ணா?"

"அதுங்களா? மாமனோட ஆறோட ஒண்ணு சேத்தது."

"அந்த ஆறு?"

"மரத்து மேல போறது."

"மரம்?"

மரம் நிறைந்திருக்கிறது என்று சொல்ல இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

அதற்குள் அணில்கள் ஒவ்வொன்றாக நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கின. அத்தனை கண்ணையும் பார்த்ததும் வேலாத்தாள் பந்தாகச் சுருண்டாள். அந்தப் பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆரு சொல்லி உங்களுக்கு ஒரு வழி தெரிஞ்சுதோ, அவங்களுக்கே அந்த வழியைத் திருப்பிச் சொல்லாதீங்க. போய்ப் பாத்துப்போட்டு வந்தவங்க மட்டும் தூரம் சொல்லுங்க."

"அப்ப அணில் வந்து கேட்டா, அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்றீங்களா?" மாரப்பன் நடுங்கிவிட்டார்.

"அது வேண்டாமுங்க. சும்மா இருங்க. போதும்."

இது யாருக்கும் தோன்றாத யோசனை. சும்மா இருந்தால் 'இல்லை' என்று சொன்ன பாவமும் இராது. இருக்கிறது என்று சொன்ன பொய்யும் இராது. அடுத்த சுற்றில் அணில்கள் கேட்டன. கீரி வானத்தைப் பார்த்தார். மரநாய் நகத்தைப் பார்த்தார். அணில்கள் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு நஞ்சப்பனிடம் போய்க் கேட்டன. அவர் பன்னிரண்டு என்றார். அவ்வளவுதான், அத்தனை அணிலும் முள் வழியில் பாய்ந்தன. நஞ்சப்பன் கண் கலங்கிவிட்டார்.

வேலாத்தாள் வீடு வந்து சேர்ந்தபோது சின்னுசாமி வளை வாசலில் காத்திருந்தான்.

"கெழக்கு மலையிலிருந்து சேதிங்க. மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் பூரண சம்மதம். பையன் இடிச்சுக்கிட்ட கால் நல்லாயிருச்சாம். ஆனி கடைசி முகூர்த்தத்துல வெச்சுக்கலாம்னு சொல்லச் சொன்னாங்க."

பூவாத்தாள் வெட்கத்தில் சுருண்டு சரிவில் பாதி தூரம் உருண்டே போய்விட்டாள். தெய்வானை ஓடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் மஞ்சளும் கறுப்புமாக நூல் கட்டிய அணில் வந்து வாசலில் நின்றது. அது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

"வேலாத்தாள் அவர்களுக்கு. தங்கள் முறை வந்துள்ளது. இது கிடைத்தவுடன் புறப்படவும். நகங்களைச் சுத்தம் செய்துகொண்டு வருவது விரும்பத்தக்கது. இப்படிக்கு, தணிகாசலம்."

அந்த அழைப்பு வைகாசியிலேயே புறப்பட்டது. அத்தனை நாளும் அது இரண்டு மேட்டுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது. அவிழ்த்துவிட்டவளே வேலாத்தாள்தான்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனே! வராமெ இருக்கறதே நல்ல சேதின்னு!" தெய்வானை மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்குக் கல்யாணமே வேண்டாம். நீ போகாதே," என்று பூவாத்தாள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் போகாட்டி அது எந்திரிச்சு வரும் சாமி. மொதல்ல கெடைக்கறது நீயாயிருந்தா?"

வேலாத்தாளும் அழுதாள். ஆனால் அவளால் வெகு நேரம் அழ முடியாது. அழும்போதே மனம் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும். இந்த முறை அழைப்பில் இருந்த சொற்களை எண்ணியது. எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணியது. பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொறப்படச் சொல்லித்தானே வந்திருக்குது," என்றாள். "பொறப்படறேன். நீ பந்தல்காரங்களுக்குச் சொல்லியனுப்பு. பந்தலை இங்கெ போட வேண்டாம். கீரி மேட்டுக்கும் மரநாய் மேட்டுக்கும் நடுவுல போடச் சொல்லு."

நகத்தைச் சுத்தம் செய்துகொண்டு புறப்பட்டாள். கீரி மேட்டில் போய் நின்றாள்.

"ஏனுங்க பொங்கியண்ணா, புலியார் குகைக்கு எவ்வளவு தூரமுங்க?"

பொங்கியண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"சும்மா இருக்காதீங்க. பேசுங்க."

"நீங்கதானுங்களே சும்மா இருக்கச் சொன்னீங்க? போய்ப் பாத்துப்போட்டு வந்தவங்கதான் தூரம் சொல்லோணும்னு."

"முறை வந்து அந்த வழியில போய்ப் பாத்தவங்க ஆராச்சும் திரும்பி வந்திருக்கறாங்களா?"

பொங்கியண்ணன் யோசித்தார். முன்பெல்லாம் அவர் மேற்கே கை காட்டிவிடுவார். மீதி வழியை எலும்பு வாசனை காட்டிவிடும். வந்து சொன்னவர் என்று ஒருவரும் கிடையாது.

"அப்ப ஆருக்கும் தெரியாத வழி," என்றாள் வேலாத்தாள். "ஆருக்கும் தெரியாத வழியை இந்த மேட்டுல எப்படிச் சொல்லுவீங்க?"

கீரியின் முகம் மெல்ல மலர்ந்தது. மீசை நிமிர்ந்தது. "வழக்கம் போலத்தானுங்க அம்மிணி," என்றார். "பதினொண்ணு. மாப்ளெ வழியாப் போங்க."

மரநாய் மேட்டில் மாரப்பன் எழுந்து நின்று வரவேற்றார். "பதினொண்ணுங்க்கா. மாமன் வழியாப் போங்க. பாத்துப் போங்க, அந்தக் கல்லு ஆடுது."

வேலாத்தாள் போனாள். வந்தாள். மறுபடியும் போனாள். அவசரப்படவில்லை, நிற்கவும் இல்லை.

அவள் வழியில் இருக்கும்வரை அடுத்த அழைப்பு யாருக்கும் வராது என்பதைத் தெய்வானைதான் முதலில் கண்டுபிடித்தாள். மறுநாளே காடு முழுவதும் அந்தத் தடத்தின் இரு பக்கமும் கூடிவிட்டது. மான்கள் நிழலுக்குத் தழை நட்டன. குரங்குகள் எறும்புப் புற்றுகளை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து வழியோரம் வைத்தன. அத்தனை கண்களைப் பார்த்ததும் வேலாத்தாள் சுருண்டாள். உருண்டாலும் போவது போவதுதான் என்று அப்படியே உருட்டிவிட்டார்கள்.

ஆனி கடைசி முகூர்த்தத்தன்று நரி தணிகாசலம் நேரில் வந்தார். தோளில் துண்டு, முகத்தில் சலிப்பு.

"புலியார் தினமும் கேட்கிறார். நான் தினமும் 'உங்கள் உணவு வழியில் இருக்கிறது' என்று சொல்கிறேன். நண்டு தின்று தின்று அவருக்கு வயிறு கெட்டுவிட்டது. எங்கே அந்த அழுங்கு?"

"வந்துக்கிட்டே இருக்கறனுங்க," என்றாள் வேலாத்தாள், அவரைக் கடந்து போனபடி.

"புறப்பட்டாயிற்றா?"

"ஆச்சுங்க."

"வழியில்தான் இருக்கிறாயா?"

"வழியிலதானுங்க இருக்கறேன்."

நரிக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. "சாமி, கூட்டிட்டுப் போறதுன்னா நீங்களே கூட்டிட்டுப் போங்களேன்," என்று வாய் கொழுத்த ஒரு குரங்கு மரத்திலிருந்து சொன்னது. காடே அதை முறைத்தது.

"அழைப்பு அனுப்புவது என் பிரிவு. வழி காட்டுவது வேறு பிரிவு," என்றார் தணிகாசலம். ஆனாலும் அவருக்கு ஏதோ உறுத்தியது. பந்தலையும் பார்த்தார், தேய்ந்த தடத்தையும் பார்த்தார். "பதினொன்று என்கிறார்களே, இவர்களை நான் நம்பமாட்டேன். இந்தக் காட்டில் பொய்யே சொல்லாத ஒருவர் உண்டாமே? முள்ளம்பன்றியைக் கூப்பிடுங்கள். அவர் வழியில் எவ்வளவு என்று கேட்போம். எது குறைவோ அதில் இவள் போகட்டும்."

நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்த மயில் நிறுத்திவிட்டது. புலிக் குகைக்கு நஞ்சப்பன் புதரிலிருந்து நான்கே கூப்பிடு தூரம். காற்று மேற்கிலிருந்து அடித்தால் அங்கே குறட்டை கேட்கும். நஞ்சப்பனுக்கு அது நன்றாகத் தெரியும். அவருக்கு உள்ளதைத் தவிர எதுவும் சொல்ல வராது என்பது மற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நஞ்சப்பனைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். வேலாத்தாள் நடந்துகொண்டே அவரைப் பார்த்தாள். பந்தலுக்குள் மணவறையில் பூவாத்தாள் மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவளும் பார்த்தாள். மாப்பிள்ளை மட்டும் பூவாத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புலியார் குகைக்கு உம்முடைய வழியில் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் நரி.

நஞ்சப்பனின் உதடு நான்கு என்று குவிந்தது. வேலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு ஓரடி வைத்தாள். இன்னோரடி வைத்தாள். நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார். உடம்பிலிருந்து இரண்டு முள் தானாகக் கழன்று விழுந்தது.

"பன்னெண்டுங்க," என்றார்.

தணிகாசலத்தின் முகம் தெளிந்தது. "அப்படியானால் பதினொன்றே குறைவு. சரியான வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறாள்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தியில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மயில் மறுபடி ஊத ஆரம்பித்தது. வேலாத்தாள் ஒவ்வொரு முறை பந்தலைக் கடக்கும்போதும் ஒரு சடங்கை முடித்தாள். போகும்போது தாரை வார்த்தாள்; வரும்போது அட்சதை போட்டாள். நஞ்சப்பனுக்கு வாழ்க்கையில் முதல் விருந்து. அவர் இலையில் இரண்டு முறை பாயசம் ஊற்றினார்கள்.

அடுத்த வைகாசியில் சின்னுசாமி, கிழக்கு மலையிலிருந்து பேத்தி பிறந்த செய்தியோடு முள் வழியாக நேராகத் தெற்குச் சரிவுக்குப் போனான். வளை வாசலில் யாரையும் காணாமல் திரும்பி, தடத்தின் ஓரத்தில் அவளைக் கண்டுபிடித்தான். அப்போதும் சொல்ல மாட்டேன் என்றான். இரண்டு மேட்டுக்கும் நடுவில் அவளுக்கென்று அவசரமாக ஒரு வளை தோண்டி, வாசல் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தான். வேலாத்தாள் அதைக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, மாமன் வழியாகப் போனாள்.

மேற்குக் குகையின் கணக்கில் அவள் இன்னும் வந்துகொண்டிருக்கிறாள். இன்னும் பதினோரு கூப்பிடு தூரம்தான்.

நீதி: காட்டுக்குக் காடு உண்மை பேசுகிறவர் ஒருவராவது கட்டாயம் வேண்டும். ஆபத்துக்கு ஒரு பொய் தேவைப்பட்டால், வேறு யார் சொல்லி நம்புவார்கள்?